மூட்டை ஏற்றிப் பார்த்த கார்

1

போன சனிக்கிழமை காலை வாசலில் பனியை அள்ளி ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிப் போனை எடுப்பதற்குள் அது இரண்டு முறை அடித்து ஓய்ந்துவிட்டது. மூன்றாம் முறை பிடித்துவிட்டேன். கலியபெருமாள் சார்.

“தம்பி, ஒரு பழைய காரு பார்த்து வச்சிருக்கேன். எங்க தெருவுலயேதான். நீங்க வந்து பார்த்துச் சொன்னாத்தான் வாங்கறதா இருக்கேன். எஞ்சினத் தொடவே கூடாதுன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன். ஜில்லுன்னு இருக்கும், வாங்க.”

கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு இரண்டு முறை வீட்டைச் சுற்றி வந்தேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன். இருப்புக்கொள்ளவில்லை.

கலியபெருமாள் சார் அரியலூர்க்காரர். இப்போது கனடாவின் ஒன்டாரியோவில் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் மகன் வீட்டில் இருக்கிறார். போன ஏப்ரலில் அரியலூரில் அவருடைய பழைய காரை என் அம்மாவுக்காகப் பார்த்தேன். அவர் இங்கே வந்துவிட்டார். வந்திருக்க வேண்டிய என் அம்மா அங்கேயே இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கார் நிற்கிறது. அதைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு தடவை எழுதிவிட்டால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும் என்று தோன்றுகிறது.

2

எனக்குத் தொழில் தண்ணீர் பரிசோதனை. கார் பார்ப்பது கூலியில்லாத வேலை. இங்கே எங்கள் ஊரில் வந்து இறங்கும் தமிழ்ப் பிள்ளைகள் வேலை கிடைத்ததும் முதலில் பழைய கார் தேடுவார்கள், அடுத்து என்னைத் தேடுவார்கள். “கார் பார்க்கிற அண்ணன்” என்றால் தெரியும்.

இங்கே பழைய காருக்கு எமன் உப்பு. குளிர்காலத்தில் பனி இளகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அது வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். மேலே பளபளவென்று இருக்கும், கீழே கை வைத்தால் தகரம் பிஸ்கட் மாதிரி உதிரும். அதனால் என்னிடம் இரண்டு விதிகள் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருப்பவன் எதையோ மறைக்கிறான். தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். அதெல்லாம் எதற்கு என்பவனிடம் வாங்கவே கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் யாரிடமும் திட்டு வாங்காமல் ஓட்டிவிட்டேன்.

அம்மா பெரம்பலூரில் தனியாக இருக்கிறார். அப்பா காலமாகி நான்கு வருடம். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த முந்திரிக் கொல்லை ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு முறை, அரியலூரில் பஸ் மாறி, அங்கே போய்வருவார். நான் ஒரே பிள்ளை. போனில் அம்மா மூச்சு வாங்கப் பேசினால் போதும், எனக்கு அன்று வேலை ஓடாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதால் வாங்கிய மூச்சாக இருக்கும். ஆனால் அது இங்கிருந்து தெரியாதே.

பெற்றோரை வரவழைக்கும் விண்ணப்பத்துக்கு இங்கே குலுக்கல். பல வருடம் விழாத சீட்டு ஒரு வருடம் விழுந்தது. அதன் பிறகு ஆரம்பித்தது காகிதப் போர். என் அம்மாவுக்கு இருப்பது ஒரே பெயர், தனபாக்கியம். குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகர மாட்டேன் என்று விண்ணப்பம் அடம்பிடித்தது. அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைப் போட்டேன். அதிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ‘திருமதி கோவிந்தசாமி’ என்றே வந்தன. “டேய், அது எங்க அம்மாடா. அவங்க செத்துப் போய்ட்டாங்க. கனடாவுக்கு அவங்களையா கூப்புடறாங்க?” என்று அம்மா கேட்டார். புகைப்படம் இரண்டு முறை திரும்பி வந்தது, நெற்றியில் விபூதி கண்ணாடிபோல் மின்னுகிறது என்று. அதையெல்லாம் தாண்டி அனுமதி வந்தேவிட்டது. ஜூன் முடிவதற்குள் அம்மா இங்கே வந்து இறங்க வேண்டும். நானே கூட்டிவரலாம் என்று ஜூன் வரைக்கும் லீவு போட்டுவிட்டு ஏப்ரலில் ஊருக்குப் போனேன்.

திருச்சி விமான நிலையத்துக்கு அம்மா வாடகைக் காரில் வந்திருந்தார். சிறுவாச்சூர் கோயிலைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“வந்ததும் வந்த, எனக்கு ஒரு காரு பார்த்துக் குடுத்துட்டுப் போ.”

அதற்கு முந்தைய வருடமே அம்மா டிரைவிங் பள்ளிக்குப் போய் லைசென்ஸ் எடுத்திருந்தார். பொழுதுபோகாமல் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

“எதுக்கும்மா காரு? ஜூன்ல கெளம்பப் போற.”

“நல்ல காரா அமைஞ்சா நான் வரல. அமையலன்னா வரேன்.”

“இதென்ன பேச்சு?”

“பஸ்ஸுல என்னால முடியலடா. அது உனக்கே தெரியுது, அதனாலதான கூப்புடற? காரு இருந்தா முடியும். நீதான் அங்க எல்லாருக்கும் காரு பார்த்துச் சொல்ற. பார்த்துட்டு வேணாம்னு சொல்லு. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன், பெட்டியக் கட்டிருவேன்.”

வாடகைக் காரின் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். தீர்ப்பு சொல்கிறவனிடமே வழக்கின் ஆதாயமும் வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. குறையில்லாத பழைய கார் உலகத்திலேயே கிடையாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

3

அம்மா ஏற்கெனவே கார் பார்த்து வைத்திருந்தார். பதின்மூன்று வருடம் ஓடிய வெள்ளி நிற டீசல் செடான். இப்போது எல்லாரும் உயரமான வண்டிகளுக்கு மாறிவிட்டதால் இந்த மாதிரி நீளமான வண்டிகளைச் சீந்துவாரில்லை. அம்மாவுக்கு நீளம்தான் வேண்டும். “டிக்கில ரெண்டு மூட்டை முந்திரிக்கொட்டை போவணும். அந்தக் குட்டிக் காருல ஒரு மூட்டைதான் போவுது, நான் அளந்து பார்த்துட்டேன்” என்றார்.

அரியலூரில் கலியபெருமாள் சார் வீடு டிப்பர் லாரிகள் போகும் சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போய் இறங்கியபோது கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஏசியும் போட்டு வைத்திருந்தார்.

என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். “என்னங்க தம்பி?”

“எஞ்சின் எப்பலேருந்து ஓடுதுங்க சார்?”

“நீங்க பஸ் ஸ்டாண்டு வந்துட்டதா அம்மா போன் பண்ணாங்கல்ல, அப்பலேருந்து. இந்த வெயில்ல வெளிநாட்டுலேருந்து வந்த புள்ள, காருக்குள்ள ஏறுனா அனலா அடிக்குமேன்னு போட்டு வச்சேன்.”

என் முதல் விதி அங்கேயே படுத்துவிட்டது. இங்கே இதற்குப் பெயர் திருட்டுத்தனம், அங்கே உபசாரம். வந்தவர் உட்காருவதற்கு முன் மின்விசிறியைப் போடுவதுபோல அவர் எஞ்சினைப் போட்டிருக்கிறார். குளிர்ந்த எஞ்சினைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, நாளைக்கு வருகிறோம், தொடாமல் வையுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அம்மாவுக்குச் சங்கடம்.

வந்ததற்கு மற்றதையாவது பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். “டிரங்க்கைத் திறங்க சார்” என்றேன். அவர் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தார். “டிக்கியச் சொல்றான்” என்று அம்மா மொழிபெயர்த்தார். ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு கனடாப் பழக்கத்தில் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. அம்மா சிரிப்பை முந்தானைக்குள் விட்டார்.

பிறகு தரையில் படுக்கப் போனேன். வீட்டுக்குள்ளிருந்து கலியபெருமாள் சாரின் மனைவி வசந்தா ஓடிவந்தார். “அய்யோ தம்பி, மண்ணுல படுக்காதீங்க, இருங்க இருங்க” என்றவர் உள்ளே போய் ஒரு கோரைப் பாயைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் விரித்தார். ஓரத்தைக் கையால் நீவியும் விட்டார். தலையணை வேண்டுமா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். பதினேழு வருடத்தில் எத்தனையோ பார்க்கிங் இடங்களில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்திருக்கிறேன். பாயில் படுத்து கார் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கீழே துரு இல்லை. தேடினேன், இல்லவே இல்லை. சைலன்சர் மூட்டில் மட்டும் லேசான செம்மை. மற்றபடி சிமென்ட் சாம்பல் படிந்த நல்ல இரும்பு. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

பாயிலிருந்து எழுந்து பானட்டைத் தடவினேன். பெயின்ட் மற்ற இடம்போல இல்லை. பிடித்துக்கொண்டேன். “சார், இது அடிபட்ட வண்டி.”

“ஆமாங்க. திருமானூர் ரோட்டுல டிப்பர்லேருந்து ஒரு சுண்ணாம்புக் கல்லு இது மேல விழுந்துச்சு. டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடிச்சோம். நானே சொல்லலாம்னுதான் இருந்தேன், நீங்க காபி குடிச்ச பெறகு.”

அம்மாவைப் பார்த்தேன். “கேட்டியா?”

“கல்லு விழாத வண்டி அரியலூர்ல எங்கடா இருக்கு?” என்றார் அம்மா.

4

மறுநாள் எஞ்சின் குளிர்ந்திருந்தது. அவர் தொடவில்லை என்பது மட்டுமல்ல, வெயில் பட்டுச் சூடாகிவிடுமோ என்று பானட்டின் மேல் ஈர வேட்டியைப் போட்டு மூடியிருந்தார். சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் பிடித்தது. புகை இல்லை. கிளட்ச் கொஞ்சம் மேலே பிடித்தது, ஒரு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஏசியைப் போட்டதும் பூனை தும்முவதுபோல ஒரு சத்தம் வந்து நின்றுபோனது. இன்னும் இரண்டு வருடத்தில் பதினைந்து வருடம் நிறைவதால் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அலைச்சல் என்று அம்மாவிடம் பெரிதாகச் சொன்னேன்.

“நெத்தியில விபூதி வச்சிருந்தா காரத் திருப்பி அனுப்புவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்பச் சரி.”

எனக்கு வேறொரு நம்பிக்கை இருந்தது. கலியபெருமாள் சாரே கனடாவுக்குப் போவதற்காகத்தான் காரை விற்கிறார். மகன் கூப்பிடுகிறான், பேரன் பிறந்திருக்கிறான். அவர் வாயால் அம்மா கேட்கட்டும் என்று, “பையனோட இருக்கப் போறீங்க, சந்தோஷந்தானே சார்?” என்று எடுத்துக்கொடுத்தேன்.

“பின்ன? வயசான காலத்துல புள்ளயோட இருக்கறத விட என்னங்க வேணும்” என்றார். நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. காருக்குள் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்த வசந்தாவைப் பார்த்தார்.

“நீங்க ஓட்டுவீங்களா?”

“இல்லக்கா. பக்கத்துல உக்காருவேன். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கங்கைகொண்ட சோழபுரம் போவோம். போற வழியில அவரு பேச மாட்டாரு, நாந்தான் பேசிக்கிட்டே வருவேன். வூட்டுல அவ்வளவு பேச மாட்டோம்.”

“அங்க போயும் பேசலாம்” என்றார் கலியபெருமாள் சார்.

“அங்க எதுல போவோம்?” என்று வசந்தா கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் என் மகள் வீடியோவில் வந்தாள். பதினாறு வயது. அப்பத்தாவிடம் அவள் பேசுவது வழக்கமாக இரண்டே சொல், “நல்லாருக்கேன்”, “சாப்ட்டேன்”. போனைக் கையில் கொடுத்தால் சூடான பாத்திரம்போல உடனே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அன்றைக்கு அப்படியில்லை. அவளும் இங்கே ஆட்டோமேட்டிக் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். அம்மா கியர் மாற்றுவது எப்படி என்று கையை வீசி விளக்க, அவள் “கிளட்ச்னா என்ன அப்பத்தா?” என்று கேட்டாள். “கிளட்சு இல்லாம என்னாடி காரு!” என்று அம்மா கத்தினார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்து மாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். கடைசியில் மகள் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில், இங்கே வந்தால் அப்பத்தாவை நீ ஓட்ட விடுவாயா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அந்தப் “பார்க்கலாம்” என்றால் என்னவென்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

5

“இன்னும் மூட்டை ஏத்திப் பாக்கலியே” என்றார் அம்மா. கலியபெருமாள் சார் ஒரு நாள் வைத்திருந்து பாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். யார் எவர் என்று தெரியாதவர்களிடம் அப்படிக் கொடுக்கும் ஆளை இங்கே நான் பார்த்ததில்லை.

அம்மாதான் ஓட்டினார். அரியலூரிலிருந்து உடையார்பாளையம் வரைக்கும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. எதிரே டிப்பர் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தேன். அம்மா வேகமாகவும் போகவில்லை, பயந்தும் போகவில்லை. முந்திக்கொண்டு போன பஸ்ஸின் கண்டக்டர் தெரிந்தவர் போலிருக்கிறது, படியில் நின்றபடி, “என்னங்கம்மா, எங்களுக்குப் போட்டியா?” என்று கத்தினார். அம்மா ஹாரன் அடித்தார். போனில் எனக்குக் கேட்ட அந்த மூச்சு வாங்கல் எங்கே என்று தேடினேன். காணோம்.

கொல்லையில் பழம் பிரித்துக் காயவைத்த முந்திரிக்கொட்டை தயாராக இருந்தது. இரண்டு மூட்டை டிக்கியில் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். தாழ்வான வண்டி, பழைய சஸ்பென்ஷன். திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால், ஊர்க்காரர்களே சிமென்ட்டில் போட்ட வேகத்தடை ஒன்று இருக்கிறது. படுத்திருக்கும் எருமை மாதிரி உயரம். போகும்போதே அம்மா அதைக் காட்டியிருந்தார். “இது தாண்டுனாத்தான் வண்டி. வாரத்துக்கு ரெண்டு தடவ இது மேல போவணும். உரசுச்சுன்னா வேணாம், இப்பவே சொல்லிட்டேன்.”

என்னை இறக்கிவிட்டார். “ஏசிக்காகக் கண்ணாடி ஏத்தியிருக்கேன், எனக்குச் சத்தம் கேக்காது. நீதான் கீழ குனிஞ்சு பாத்துச் சொல்லணும்.”

நான் சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விடுமுறை, ஆள் நடமாட்டம் இல்லை. கார் மெதுவாக வந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது. நடுப்பகுதி மேட்டுக்கு மேலே வந்தபோது எனக்கும் அதற்கும் ஐந்தடி. மேட்டுக்கும் காரின் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் போகும் வெளிச்சம் தெரிந்தது. பின் சக்கரம் ஏறியது, மூட்டைகள் குலுங்கின, இறங்கியது. உரசவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். “என்னடா, உரசுச்சா?”

ஒரு சொல் போதும். “உரசுச்சும்மா.” அவ்வளவுதான். அம்மா இறங்கிப் பார்க்க மாட்டார், பார்த்தாலும் பழைய கீறல்களில் எது புதிது என்று தெரியாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷி. ஜூனில் என் பக்கத்து இருக்கையில் விமானத்தில் இருப்பார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிற்பார். நடுக்கத்தோடு போனை எடுக்கிற வேலை எனக்கு இனி இல்லை. ஐந்து வருடமாக நிரப்பிய காகிதமெல்லாம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருப்பதுபோல இருந்தது. அந்தச் சொல் வாய்க்கு வந்து நின்றது. வெளியே வரவில்லை. உண்மையும் வரவில்லை. நான் எழுந்து நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவும் பக்கவாட்டுக் கண்ணாடியில் என்னையே பார்த்தார். பிறகு குரலை மாற்றாமல் சொன்னார்:

“வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும், சரியாத் தெரிஞ்சிருக்காது. அந்தப் பக்கம் புளியமரத்து நெழலுக்குப் போய் நில்லு. நான் திரும்பி ஒரு தடவ வரேன்.”

முன்னே போய்த் திருப்பிக்கொண்டு எதிர்ப் பக்கமிருந்து வந்தார். நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். அதே மேடு, அதே ஒரு விரல் வெளிச்சம்.

“இப்பத் தெரிஞ்சுதா?”

“உரசலம்மா.”

“நல்லா பாத்தியா?”

“ரெண்டு தடவையும் உரசல.”

“ஏறு” என்றார். ஏறினேன். ஜெயங்கொண்டம் பஸ் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஏசி சூப்பரா இருக்கு” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதைப் பார்க்காததுபோலக் கியரைப் போட்டார்.

6

எங்கள் பக்கம் பழைய வண்டி கை மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர்கள் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சாமியை எடுத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் தங்கள் சாமியை வைப்பார்கள். விலை பேசி முடித்த அன்று வசந்தா ஒரு தேக்கரண்டியால் அவர்கள் காரிலிருந்த சின்னப் பித்தளை அம்மனை நெம்பி எடுத்தார். இத்தனை வருட வெயிலில் பசை இறுகிப் போயிருந்தது. எடுத்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. கைக்குட்டையில் முடிந்து கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் போனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அம்மாதான் ஏற்றி நசுக்கினார். நான் போய்த் தேங்காய் உடைத்தேன். அது சிதறாமல் இரண்டாகப் பிளந்து நின்றது. “அது கூட உனக்கு மறந்து போச்சு, ஓங்கி அடிக்கணும்டா” என்று அம்மா சிரித்தார்.

ஜூன் வந்தது, போனது. அனுமதி காலாவதியானது. திருமதி கோவிந்தசாமி வரவில்லை என்று எழுதி அனுப்பினேன்.

ஜூலையில் கலியபெருமாள் சாரும் வசந்தாவும் இங்கே வந்து இறங்கினார்கள். வந்த வாரத்திலிருந்து வசந்தா எனக்கு அடிக்கடி போன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். “ஏசி போட்டா ஒரு தும்மல் வருமே, இன்னும் வருதாமா? அக்காவ வாரம் ஒரு தடவ காத்து செக் பண்ணச் சொல்லுங்க, பின்னாடி வலது டயரு எறங்கும்” என்பார். நான் அம்மாவிடம் சொல்வேன். அம்மா பாதிப் பேச்சில், “சரிடா, வண்டில இருக்கேன், அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிடுவார். முன்பெல்லாம் நான்தான் அப்படி வைப்பேன்.

7

அந்தச் சனிக்கிழமை மதியமே கலியபெருமாள் சார் தெருவுக்குப் போனேன். பக்கத்து வீட்டு வாசலில் நரைத்த நீல செடான் ஒன்று நின்றது. வயதும் அளவும் ஏறக்குறைய அவருடைய பழைய வண்டிதான். தொப்பி, மப்ளர், மகனுடைய பெரிய கோட்டு என்று மூட்டையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கத்து லைசென்ஸ் எடுத்துட்டேன் தம்பி. பையன் கூட்டிட்டுப் போறான், கொறையே சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கேக்கணும்ல? கடைக்குக் கேக்கணும், கோயிலுக்குக் கேக்கணும். சும்மா ஒரு சுத்துப் போய்ட்டு வரலாம்னா அத எப்படிக் கேக்கறது?”

வசந்தா பின்னால் நின்றார். கோட்டின் பையில் ஒரு கையை விட்டிருந்தார். பையில் என்ன இருக்கிறது என்று அவரே எடுத்துக் காட்டினார், கைக்குட்டையில் முடிந்த பித்தளை அம்மன். “அடுப்படி ஜன்னல்ல வச்சிருந்தேன். இன்னிக்கு அமைஞ்சா ஒட்டிரலாம்னு கொண்டாந்தேன்.”

எஞ்சின் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்தது. அவர் முகம் மலர்ந்தது. நான் படுப்பதற்கு அட்டை எடுக்க என் கார் பக்கம் திரும்பினேன்.

“தம்பி, பாய்” என்றார் வசந்தா.

அதே கோரைப் பாய். பெட்டியில் சுருட்டி வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். பனியின் மேல் விரித்து ஓரத்தைக் கையுறைக் கையால் நீவி விட்டார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். நான் பாயில் படுத்துக் காருக்குக் கீழே போனேன்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். வண்டியின் அடிச்சட்டத்துக்குள் அது சத்தமே இல்லாமல் இறங்கியது. துருத்தூள் என் முகத்தில் விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தேன், அங்கேயும் இறங்கியது. வெளியே நான்கு கால்கள் தெரிந்தன. அவற்றில் இரண்டு, பனி பூட்ஸோடு இடம் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தன. இந்தத் தடவை என் ஆசை எதுவும் குறுக்கே இல்லை. ஆனாலும் நான் வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் அங்கேயே படுத்திருந்தேன்.

வெளியே வந்தேன். “வேணாம் சார். அடியெல்லாம் போயிருச்சு. ஓட்டவே கூடாது.”

“வேற பார்க்கலாங்களா?”

“பார்க்கலாம் சார். நான் தேடறேன்.”

வசந்தா அம்மனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குனிந்து பாயைத் தூக்கி, பனியையும் துருவையும் உதறினார்.

“எங்க வண்டிக்கு அடியில இப்படி இருந்துச்சா தம்பி?”

“இல்லைங்கம்மா. அது சுத்தமா இருந்துச்சு. தேடித் தேடிப் பார்த்தேன்.”

அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப நல்ல வண்டியைத்தான் வித்துட்டு வந்துட்டோம்.”

கலியபெருமாள் சார் உப்புத் தூவிய நடைபாதையில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வீட்டை நோக்கி நடந்தார்.